புதர் ஒரு குற்றமல்ல

1

"இடத்தை மொதல்ல சுத்தம் பண்ணுங்க சார், மத்ததை அப்புறம் பேசலாம்."

கிராமத்துப் பக்கம் ஒரு ஏக்கர் நிலம் வாங்குகிற யாரும் இந்த வாக்கியத்திலிருந்து தப்ப முடியாது. புரோக்கர் சொல்வார், போர் போட வருகிறவர் சொல்வார், வேலி போடுகிறவர் சொல்வார், பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வார். யூடியூபில் இதற்கென்றே தனி வகைமை வந்துவிட்டது. முதல் காட்சியில் முள்ளும் கொடியும் பின்னிக் கிடக்கிற காடு. பின்னணி இசை ஏறும். சின்ன டிராக்டர் ஒன்று பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையும். ஒரு நாள் வேலை இருபது நொடியில் ஓடி முடியும். கடைசியில் வெறும் செம்மண். "எப்படி இருந்த இடம் எப்படி ஆயிடுச்சு பாத்தீங்களா!" கீழே இதயங்கள் குவிந்து கிடக்கும்.

எப்படி இருந்த இடம் எப்படி ஆயிற்று என்பதுதான் என் கேள்வியும். அந்த இருபது நொடியில் போனது என்ன என்று வீடியோ எடுத்தவருக்கும் தெரியாது, இதயம் போட்டவருக்கும் தெரியாது, வண்டி ஓட்டியவருக்குப் பாதி தெரியும், ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. தெரியாத ஒன்றை அழித்துவிட்டு அதற்குச் சுத்தம் என்று பெயர் வைப்பது சரியா? "சுத்தம்" என்ற சொல்லிலேயே தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. சுத்தம் பண்ண வேண்டும் என்றால் அங்கே இருந்தது அழுக்கு. அழுக்கை அகற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம்.

புதர் அழுக்கு அல்ல. தமிழ்நாட்டுச் சமவெளியின் பெரும்பகுதியில் காடு என்பதே புதர்தான். மிச்சமிருக்கிற அந்தக் காட்டை நாம், அதுவும் இயற்கையை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற நாம், வாரக்கடைசி தோறும் வாடகை வண்டி வைத்து அழித்துக்கொண்டிருக்கிறோம்.

2

காடு என்றதும் நம் தலைமுறைக்கு மனதில் வருவது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு. உயர்ந்த மரம், ஈரம், பாசி, அருவி. வால்பேப்பர் காடு. புதுக்கோட்டையிலோ கரூரிலோ ராமநாதபுரத்திலோ நிற்கிறவன் சுற்றிலும் பார்த்துவிட்டு "இங்க காடே இல்லப்பா, வெறும் முள்ளு" என்கிறான். அவன் காட்டுக்குள் நின்றுகொண்டுதான் அப்படிச் சொல்கிறான்.

இந்தக் குருட்டுத்தனம் அவன் கண்டுபிடித்ததல்ல. வெள்ளைக்காரன் காலத்து வருவாய்க் கணக்கில் வரி தராத நிலம் வீண் நிலம். அந்தக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை. இந்திய அரசின் நிலவளத் துறையும் ஐதராபாத்தில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து தரிசு நிலங்களுக்கென்று ஒரு வரைபடத் தொகுப்பு வெளியிடுகின்றன. 2000இல் முதல் பதிப்பு வந்தது. பிந்தைய பதிப்புகளில் தரிசு என்று வகைப்படுத்தப்பட்டவற்றில் "அடர்ந்த புதர் நிலம்", "திறந்த புதர் நிலம்" என்று இரண்டு வகைகள் உண்டு. அதாவது செயற்கைக்கோளிலிருந்து பார்க்கும்போதே உங்கள் ஊர்ப் புதர்க்காடு "ஒன்றுமில்லாத இடம்" என்று குறிக்கப்பட்டாயிற்று. சூரிய மின்சக்திப் பூங்காவுக்கு இடம் தேடுகிறவரும் தொழிற்பேட்டைக்கு இடம் தேடுகிறவரும் இந்தக் கண்ணோடுதான் வருகிறார்கள். மினி டிராக்டர் வைத்துச் சுத்தம் செய்கிற ஐடி நண்பரும் அதே கண்ணோடுதான் வருகிறார். அளவு வேறு, பார்வை ஒன்று.

"காடு திருத்துறது நம்ம பண்பாடுதானே?" என்று இலக்கியம் படித்த நண்பர்கள் மடக்குவார்கள். உண்மைதான். கரிகாலன் காடு திருத்தி ஊர்களை உண்டாக்கியதைப் பட்டினப்பாலை பெருமையாகவே பேசுகிறது. காட்டுக்கடலின் நடுவே ஊர் ஒரு தீவாக இருந்த காலம் அது. இன்று ஊர்க்கடலின் நடுவே காடு தீவாகக் கிடக்கிறது. அன்றைய புகழ்ச்சியை இன்றைக்கு எடுத்துவந்து ரோட்டவேட்டருக்கு மாலையாகப் போடுவது வரலாற்றுணர்வு ஆகாது.

இன்னொன்று. கோடாலியும் அரிவாளும் வைத்துக் காடு வெட்டியவன் ஒவ்வொரு செடியையும் பார்த்துத்தான் வெட்டினான். இலந்தை வந்தால் கை நிற்கும். ஒரு வேப்பங்கன்று தலைகாட்டினால் அதைச் சுற்றி வெட்டிவிட்டு நகர்வான். குருவிக் கூடு இருந்தால் தெரியும். அந்த மெதுவான வேகத்துக்குள் ஒரு அறிவு இருந்தது. வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் இருக்கும் மேடு பள்ளமும் கல்லும்தான் கவலை. வேலை செய்கிற கருவி முதுகுக்குப் பின்னால் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிற தண்டிலிருந்து விசை எடுத்துச் சுழல்கிறது. அவர் திரும்பிப் பார்க்கும்போது அங்கே பார்க்க எதுவும் இருக்காது. கை நிற்கும் இடத்தில் வண்டி நிற்காது. என் வாதத்தின் பாதி இந்த ஒரு வரிதான்.

3

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். "நீங்க சொல்ற புதர்ல முக்காவாசி சீமைக் கருவேலம். அதையும் வெட்டக்கூடாதா?"

வெட்டலாம். வெட்டவும் வேண்டும். மெக்சிகோ, கரீபியன் பக்கத்துத் தாவரம் அது. 1877வாக்கில், அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பாப் பகுதிக்கு ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. பிறகு விறகுப் பஞ்சத்துக்கு மருந்து என்று ஊர் ஊராகப் பரப்பினார்கள். இன்று கண்மாயை, ஓடையை, மேய்ச்சல் நிலத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அதை எப்படி எடுக்கிறோம்? தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளையாகத் திரும்ப வரும். ஒற்றைத் தண்டாக நின்ற மரம் புதராக மாறுவதே பெரும்பாலும் நாம் வெட்டுவதால்தான். மண்ணுக்குக் கீழே தண்டும் வேரும் சந்திக்கிற முண்டிலிருந்து அது துளிர்க்கும், அதோடு சேர்த்துத் தோண்டி எடுத்தால்தான் போகும். விதையோ கெட்டித் தோல் கொண்டது. ஆடு மாடு நெற்றைத் தின்று சாணியோடு போடும்போது விதை இன்னும் தயாராகித்தான் வெளியே வருகிறது. அது மண்ணில் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும். காத்திருப்பது எதற்கு? வெளிச்சத்துக்கும், கிளறிய மண்ணுக்கும். அந்த இரண்டையும் ஒரே மதியத்தில் செய்து கொடுப்பது எது? நீங்கள் மணிக்கணக்கு வாடகை கொடுத்துக் கூப்பிட்ட அதே வண்டி. ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். சுத்தம் செய்த இடத்தில் கீரைப் பாத்தி மாதிரி கருவேலங்கன்று முளைத்துக் கிடக்கும். கூடவே பார்த்தீனியம் வந்திருக்கும். அடுத்த வருஷமும் அதே வண்டி, அதே வாடகை. புதரை ஒழித்ததாக நினைக்கிறீர்கள், உண்மையில் அதற்கு விதைப்பாத்தி போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

2017ஐ ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வைகோ தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னது. மாவட்டம் மாவட்டமாகப் பொக்லைன் இறங்கியது. காற்றிலிருக்கிற ஈரத்தை அந்த மரம் உறிஞ்சிவிடுகிறது, அதன் நிழலில் நின்றால் மூச்சு முட்டும் என்றெல்லாம் வாட்ஸப்பில் சுற்றியது. ஒரு மரத்தை எதிர்க்க உண்மையான காரணங்கள் பத்து இருக்கும்போது பொய்க் காரணம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில், அறிவியல்பூர்வமான ஆய்வு வேண்டும் என்ற வாதத்தைக் கேட்டு உயர் நீதிமன்றமே அந்த வேலைக்கு இடைக்காலத் தடை போட்டது. 2022இல்தான் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையையே வெளியிட்டது. அந்தக் கொள்கையின் தலைப்பில் அகற்றலோடு சூழல் மீட்டெடுப்பும் சேர்ந்தே இருக்கிறது. எடுப்பது பாதி வேலை. எடுத்த இடத்தில் நிழலைத் திரும்பக் கொண்டுவருவது மீதிப் பாதி. நிழல் விழுந்த இடத்தில் சீமைக் கருவேலக் கன்று தலையெடுக்கத் திணறும். வெட்டவெளிதான் அதன் ராஜ்ஜியம்.

கார்பெட் புலிகள் காப்பகத்தில் உண்ணிச்செடியை எடுக்க தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் குழுவினரும் ஒரு முறையை உருவாக்கினார்கள். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகப் போட்டுவிடுவது. வேர் மேலே, கிளை கீழே. மறுபடி ஊன்ற முடியாது, மண்ணும் கிளறப்படாது. அதன்பின் விதை விழுந்து முளைப்பதைத் தொடர்ந்து வந்து பிடுங்குவார்கள், புல்லை மீட்பார்கள். ஊடுருவிய தாவரத்தோடு சண்டை போடுகிறவர்களே மண்ணைக் கிளறக்கூடாது என்று அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள். நாம் என்னடா என்றால் கிளறுவதற்கென்றே செய்த கருவியை மாட்டிக்கொண்டு போகிறோம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சீமைக் கருவேலம் என்று சொல்லி உள்ளே போகிற வண்டி சீமைக் கருவேலத்தோடு நிற்பதில்லை. நாட்டுக் கருவேலம், வெள்வேல், குடைவேல் எல்லாமே முள்தான், எல்லாமே "கருவை"தான். ஆள்மாறாட்டத்தில் அடிபடுகிறவனைப் போல நாட்டு மரங்கள் சாகின்றன.

4

சரி, அந்த முள்ளுக்காட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

காரை, களா, சூரை, சங்கஞ்செடி, ஆதொண்டை, தொரட்டி, கிளுவை, விராலி, பூலா, இண்டு, நொச்சி, ஆவாரை, உசில், பிரண்டை, வேலிப்பருத்தி. இந்தப் பட்டியலை வாசிக்கும்போது ஏதாவது தட்டுகிறதா? உசிலம்பட்டி, விராலிமலை, எருக்கஞ்சேரி, நொச்சிக்குப்பம். காரைக்குடிக்கும் காரைச் செடிதான் பெயர் கொடுத்தது என்பார்கள். நம் ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் புதரைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். நம் புறத்திணைகளில் கோட்டை காப்பதற்கு நொச்சி, களத்தில் எதிர்நின்று பொருவதற்குத் தும்பை. நொச்சி ஆற்றோரத்துப் புதர், தும்பை தரிசில் வளரும் சிறுசெடி. வீரத்துக்கு அடையாளம் தேடிய மரபு இவற்றைத்தான் கண்டது. நாம் அதே நொச்சியை "காட்டுச்செடி சார், அடிச்சிரலாம்" என்கிறோம்.

வேலை என்ற கணக்கில் பார்த்தாலும் புதர் சும்மா நிற்கவில்லை. வெட்டவெளியில் முளைத்த வேப்பங்கன்றை ஆடு விடாது. சூரைமுள்ளுக்குள் முளைத்த கன்றுக்குக் காவல் உண்டு. பழம் தின்ற குருவி புதர்மேல் உட்கார்ந்து எச்சம் போடும், விதை நிழலில் விழும், ஈரத்தில் முளைக்கும், முள்ளின் காவலில் ஆள் உயரம் வளரும், பிறகு புதரை மீறித் தலைநீட்டும். சந்தனம் இன்னும் ஒருபடி மேல். பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் அது வளர முடியும், தனியாக நட்டால் திணறிப்போகும். புதர் ஒரு காட்டின் தொட்டில். தொட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு நர்சரியில் பிள்ளை வாங்கப் போகிறோம்.

தேவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் நிலத்தைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென்று வந்த முதல் சரணாலயம் அது. அங்கே இருப்பது மழைக்காடு அல்ல, வறண்ட முள்காடுதான். தேவாங்கு குரங்கு மாதிரித் தாவாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கிளைக்குக் கை நீட்டி, மெதுவாக, கிளைவழியே போகும். கிளையோடு கிளை பின்னிக் கிடப்பதுதான் அதற்குச் சாலை. நாம் "புதர் மண்டிப்போச்சு" என்று அலுத்துக்கொள்கிற அந்தப் பின்னல்தான் அதன் போக்குவரத்து. ஒரு டிராக்டர் போகிற அகலத்துக்கு வழி திறந்தால் போதும், அதற்குப் பாலம் உடைந்தது. தரையில் இறங்கி ஊர்ந்து கடக்க வேண்டும். நாய்க்கும் வண்டிக்கும் அது எளிய இரை. சரணாலய எல்லைக்கு வெளியே, தோட்ட வேலிகளிலும் பொழிகளிலும் வாழ்கிற தேவாங்குகளுக்கு அரசாணை ஏதும் துணைவராது. நிலத்துக்காரர் என்ன நினைக்கிறார் என்பதுதான் அவற்றின் விதி.

"பாம்பு வரும்ங்க" என்பது அடுத்த வாதம். நியாயமான பயம். வீட்டைச் சுற்றி, நடக்கிற பாதையைச் சுற்றித் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான், அதில் தத்துவம் பேச எதுவும் இல்லை. ஆனால் ஒரு ஏக்கரையும் மொட்டையடித்தால் பாம்பு காற்றில் கரைந்துவிடாது. மிச்சமிருக்கிற மறைவிடம் எதுவோ அங்கே போகும், அது பெரும்பாலும் உங்கள் மோட்டார் ரூமும் செங்கல் குவியலும்தான். இன்னொன்றும் உண்டு. பாம்புக்கடிக்கு ஊசி போடுகிறோமே, அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்திருக்கிறது. அந்தச் சங்கத்தின் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தோம், கைதட்டினோம். அவர்களின் அறிவு எங்கே விளைந்தது? செங்கல்பட்டுப் பக்கத்து முட்புதரிலும் வயல்வரப்பிலும் எலி வளையிலும்தான். விருது மனிதனுக்கு, ரோட்டவேட்டர் அவன் பள்ளிக்கூடத்துக்கு.

5

இந்த இடத்தில் சிலர் கோபப்படுவார்கள், படவும் வேண்டும். "முள்ளுக்குள்ள இறங்கி வெட்டுனவங்க கை எப்படிக் கிழிஞ்சிருக்கும்னு தெரியுமா? யாரோட உழைப்பை நீங்க அழகுன்னு சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்குத் தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டும். முள் வெட்டியவர்கள் நிலத்துக்காரர்கள் அல்ல. நிலமில்லாத, பெரும்பாலும் தலித் குடும்பங்களின் ஆண்களும் பெண்களும். அந்த வேலையை ஒரு சின்ன இயந்திரம் எடுத்துக்கொண்டது விடுதலைதான். அரிவாளுக்குத் திரும்பு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அரிவாள் பிடிக்காதவர்கள்.

ஆனால் அதே ஆட்கள்தான் அந்தப் புதரிலிருந்து விறகு எடுத்தவர்கள், களாப்பழமும் சூரைப்பழமும் பிள்ளைகளுக்குப் பறித்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள், கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள். வண்டி அவர்களின் முதுகுவலியை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. புதரையும் எடுத்துக்கொண்டு போயிற்று, பிறகு கம்பிவேலி வந்தது. முதுகுவலி போனதைச் சொல்கிறவர் ஆட்டுப்பட்டி போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் சண்டை வண்டியோடு அல்ல. பொக்லைனோடு ஒப்பிட்டால் சின்ன டிராக்டர் நல்ல பிள்ளை. இரண்டு புதருக்கு நடுவே திரும்பும். மண்ணை அவ்வளவு அழுத்தாது. சங்கிலி போட்டுக் குறிப்பிட்ட ஒரு கருவேல மரத்தை மட்டும் இழுக்க முடியும், வேர்முண்டைச் சுற்றி முதலில் தோண்டி வைத்திருந்தால். ரோட்டவேட்டருக்குப் பதில் ஸ்லாஷர் மாட்டினால் மேலே அறுபடும், மண் திறக்காது, நாட்டுச்செடி வேரிலிருந்து திரும்ப வரும். பொறுக்கி எடுக்கிற வேலைக்கென்றே செய்தது மாதிரியான வண்டி அது. நாம் அதை மொட்டையடிக்கிற வேலைக்கு விடுகிறோம். இது கருவியின் குறை அல்ல, உத்தரவின் குறை.

உத்தரவை மாற்றுங்கள். வண்டியைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் பொறுங்கள். அந்த ஊரில் ஆடு மேய்க்கிற ஒருவரோடு நிலத்துக்குள் நடங்கள், அவர் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். அவர் பெயர் சொல்கிற செடியிலெல்லாம் பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கட்டுங்கள். துணி கட்டியது நிற்கும், கட்டாதது போகும் என்று வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மரத்தடியில் போனை நோண்டாமல் கூடவே நடங்கள். வீட்டுக்கு, கிணற்றுக்கு, பாதைக்கு, முதல் வருஷ வெள்ளாமைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் திறங்கள். வெட்டிய முள்ளைக் கொளுத்தாமல் எல்லையில் அடுக்கினால் வேலி ஆயிற்று. சீமைக் கருவேலம் எடுத்த குழிகளுக்கு மூன்று நான்கு வருஷம் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்க் கன்று பிடுங்குங்கள். ஈரமண்ணில் அது கையோடு வரும், அடுத்த கோடையில் கடப்பாரை கேட்கும்.

இதெல்லாம் நேரம் பிடிக்கிற வேலை. வீடியோவுக்கு ஆகாது. இருபது நொடியில் காட்டுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

6

கடைசியாக ஒரு வேடிக்கை. நிலத்தை மொட்டையடித்த நண்பர்களில் பலர் அடுத்து என்ன செய்கிறார்கள் தெரியுமா? மியாவாக்கி காடு. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் பெயரால், நெருக்க நெருக்கமாகக் கன்று நட்டு, சொட்டுநீர் விட்டு, பலகை மாட்டி. மியாவாக்கி சொன்னதன் அடிப்படையே, மனிதன் கை வைக்காமல் விட்டிருந்தால் அந்த மண்ணில் எது தானாக வளர்ந்திருக்குமோ அதைக் கண்டுபிடித்து நடு என்பதுதான். அதற்காக அவர் ஜப்பானியக் கோயில்களைச் சுற்றி மிஞ்சியிருந்த பழைய காடுகளைப் போய்ப் பார்த்தார். நம்மிடமும் ஐயனார் கோயில் காடுகள் இருக்கின்றன. 1968இல் தொடங்கிய ஆரோவில்லில் செம்மண் பொட்டலைத் திரும்பக் காடாக்கியவர்கள், சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் என்னென்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள இந்த மாதிரிக் கோயில் காடுகளிடம்தான் போனார்கள். தானாக வளர்வது எது என்ற கேள்விக்கான பதில் உங்கள் நிலத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதை உழுதுவிட்டுக் கேள்வித்தாளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

இதை வாசிக்கிற பலருக்கு இன்னும் நிலம் இல்லை, ஒரு நாள் வாங்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருக்கும். நல்ல ஆசை. கரிசல் மண்ணின் சொற்கள் போய்விடக்கூடாது என்று கி.ரா. அவற்றுக்கு ஒரு அகராதியே தொகுத்தார், நாமும் கொண்டாடுகிறோம். சூரை என்ற சொல்லைக் காப்பாற்றிவிட்டுச் சூரையைக் கொன்றால் அந்த அகராதி கல்லறைக் கல்வெட்டாகிவிடும். எனவே நிலம் வாங்குகிற அன்று புரோக்கர் "சுத்தம் பண்ணிரலாமா சார்?" என்று கேட்பார். அப்போது திருப்பி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல என்னென்ன செடி இருக்குன்னு தெரிஞ்சவங்க ஊர்ல யாரு இருக்கா?"

அந்த ஆள் வந்து சேரும்வரை வண்டி நிற்கட்டும். மணிக்கணக்கு வாடகையில் கொஞ்சம் நஷ்டம். முப்பது வருஷத்துப் புதருக்கு அது ஒரு விலையே இல்லை.